வடக்குச் சரிவில் நின்ற எஞ்சின்

ஆர்லிஸ் ட்வெட் முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நானூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில்கூட ஒருநாளும் குரலை உயர்த்தாதவள் என்று ஊரில் பெயர். அப்படிப்பட்டவள் மே மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், நல்ல வெயிலில், லுத்தரன் கோயில் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சரிவில் ஒரு புல்வெட்டும் வண்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கேட்பதற்கு அங்கே உயிரோடு யாருமில்லை.

வண்டி நின்றுபோயிருந்தது. ஏறக்குறைய அதே இடத்தில், அந்த வாரத்தில் நான்காவது முறையாக.

ஐயோவா என்றாலே தட்டை நிலம் என்று சொல்கிறவர்கள் இந்த வடகிழக்கு மூலைக்கு வந்ததில்லை. இங்கே குன்றும் ஓடையும்தான். கல்லறைத் தோட்டம் குன்றின் தலையில் சமமாகத் தொடங்கி, வடக்கே ஓடையை நோக்கிச் சரிந்து இறங்கும். சரிவில் வண்டியை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் கவிழும் என்று வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும். கல்லறைகளின் வரிசைகளோ குறுக்கே ஓடுகின்றன. அதனால் புல் வெட்டுகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டுக் குறுக்கேதான் ஓட்டினார்கள். கடைசி வரிசையின் முனையில் ஓஸ்ட்பி குடும்பத்தின் செந்நிறக் கல் ஒன்று உண்டு. எஞ்சின் நிற்பது அந்தக் கல்லுக்கு அருகில்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆர்லிஸின் கணவன் செல்மர் செத்துக் கிடந்ததும் அந்தக் கல்லுக்கு அருகில்தான். அவன் மேல் கிடந்ததும் இதே வண்டிதான். ஈரப் புல், செங்குத்துச் சரிவு, வண்டி வழுக்கிவிட்டது என்று ஷெரிஃப் எழுதிக்கொண்டு போனார். ஊரும் அதையே சொன்னது. வண்டியைக் கழுவி, தார்ப்பாய் போட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அப்புறம் டவுனிலிருந்து ஆட்கள் வந்து புல் வெட்டினார்கள். வெட்டிய கையோடு ஆறேழு கல்லின் மூலையையும் உடைத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று செல்மரின் புதுக் கல்.

அதைப் பார்த்த அன்றே ஆர்லிஸ் கல்லறைக் குழுவிடம் போய் வேலையைத் தனக்குத் தரச் சொன்னாள். முகத்தைச் சுளித்தார்கள். ஊரே கல்லறைகளுக்குப் பூ வைக்க வரும் மெமோரியல் டேக்குள் முழுத் தோட்டத்தையும் வெட்டி முடித்துக் காட்டட்டும், முடியாவிட்டால் டவுன்காரர்களையே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார்கள். மெமோரியல் டே திங்கட்கிழமை. சரிவு அப்படியே கிடந்தது. இந்த வேலை போனால், செல்மருக்கென்று அவள் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

எஞ்சின் நிற்கிற விதம்தான் அவளுக்கு விளங்கவில்லை. பெட்ரோல் தீர்ந்த வண்டி இருமும், திணறும். இது இருமவில்லை. யாரோ போதும் என்று நிறுத்தியதுபோல் நின்றது. அதன்பின் ஓடைச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு பறவைகூடக் கத்தாது. சாவியைத் திருப்பினால் முதல் திருப்பிலேயே சமர்த்தாகக் கிளம்பி உச்சிக்கு ஏறும். செவ்வாய்க்கிழமை ஓஸ்ட்பி கல்லை ஒட்டி நின்றது. புதன் இரவு மழை பெய்தது. வியாழக்கிழமை இரண்டு கல்லுக்கு முன்னாலேயே நின்றது. புல் எவ்வளவு ஈரமோ அவ்வளவு சீக்கிரம் நிற்கிறது என்பதை அவள் கவனித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையைப் பறிக்க அது ஒன்று போதும்.

செல்மரின் தம்பி கெய்லன் டிராக்டர் பழுது பார்க்கிறவன். மூன்று முறை வண்டியைப் பார்த்துவிட்டு, மூன்று முறையும் ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பி அனுப்பினான். முகத்தைப் பார்க்காமலே சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான் என்று அவள் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, திட்டித் தீர்த்த பிறகு, அவளுக்கே ஒரு யோசனை வந்தது. வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் இருக்கும். உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்தால் எஞ்சினும் கத்தியும் தானாக நின்று, சக்கரமும் உருளாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்களுக்கு அது பெரிய தொல்லை. பத்தடிக்கு ஒருமுறை இறங்கவேண்டும். ராணுவத்தில் இருந்தவர்களின் கல்லருகே குத்திய சின்னக் கொடியை எடுக்கவேண்டும், பியோனிப் பூ வைத்த காபி டப்பாவை நகர்த்தவேண்டும். ஒவ்வொரு முறையும் எஞ்சின் நிற்கும். ஆகவே சுவிட்ச் வயர்கள் இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அப்புறம் இருக்கையில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்குத் தெரியாது.

அவள் வண்டியை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு நேரே கெய்லனின் பட்டறைக்குப் போனாள்.

"சீட்டு சுவிட்ச்தான் கெட்டுப்போய் என் உயிரை வாங்குது, கெய்லன். வயரை முறுக்கி விட்டுடு. எல்லாரும் பண்றதுதானே."

கெய்லன் துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"முடியாது."

"ஏன்? உன் வண்டியில நீ பண்ணலையா?"

"முறுக்க ஒண்ணுமில்ல, ஆர்லிஸ்."

அவன் இருக்கையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு வயர்களும் ஏற்கெனவே முறுக்கப்பட்டு, மேலே நீல டேப் சுற்றியிருந்தது. டேப்பின் மேல் பழைய புல் காய்ந்து ஒட்டியிருந்தது.

"நான்தான் பண்ணினேன். அவன் போறதுக்கு முந்தின வாரம். டப்பா எடுக்க இறங்கி இறங்கி ஏறுறதுலயே பாதி நாள் போகுதுன்னான். அஞ்சு நிமிஷ வேலை. சிரிச்சுக்கிட்டே பண்ணிக் குடுத்தேன்."

ஆர்லிஸ் அங்கே கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். செல்மர் சரிவில் இறங்கியிருக்கிறான். ஓஸ்ட்பி கல்லருகே டப்பாவை எடுக்கக் குனிந்திருக்கிறான். அவனுக்கு மேலே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கத்தி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது, வண்டி அப்படியே அவன் மேல் சரிந்திருக்கிறது. இரண்டு வருஷமாக அவள் அந்தச் சரிவைச் சபித்தாள். கவனமில்லாமல் போய்ச் செத்தான் என்று புருஷனையும் சபித்தாள். இப்போது கைக்கெட்டிய ஸ்பேனரை எடுத்துக் கெய்லன் மேல் எறியவேண்டும்போல் இருந்தது. எறியவில்லை. அவனுக்கும் செல்மரைப் போலவே கழுத்து பின்பக்கம் சிவந்திருந்தது. அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப இப்ப எஞ்சினை நிறுத்துறது யாரு?"

கெய்லன் வாசலைப் பார்த்தான்.

"மூணு வாட்டியும் அதைத்தான் யோசிச்சேன். இப்படி முறுக்கிட்டா சாவியைத் திருப்பினாத்தான் நிக்கும். நிக்கிறப்ப சாவி எப்படி இருந்துச்சு?"

"பாக்கல. கோவத்துல படக்குன்னு திருப்பிக் கிளப்பிடுவேன்."

கெய்லன் நீல டேப்பைப் பிரித்து, புது சுவிட்ச் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அவளை ஏறி ஏறி இறங்கச் சொன்னான். எழுந்தவுடன் எஞ்சின் நின்றது, ஐந்து முறையும். கடைசி முறை அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் அவன் தோளைத் தொடவில்லை. அது நடக்க இன்னும் நாளாகும் என்று இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை முழுதும் ஆர்லிஸ் வடக்குச் சரிவைக் கையில் பிடிக்கும் டிரிம்மரால் வெட்டினாள். திங்கட்கிழமை சனம் டப்பா டப்பாவாகப் பூவோடு வந்தது. புல்லைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அந்த ஊரில் கிடையாது. வேலை அவளுக்கே என்று குழு முடிவு செய்தது.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். வண்டி சமதளத்தில் மட்டும் ஓடியது. இறங்குவதற்கு முன் கத்தியை நிறுத்துவாள், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாள். வண்டி ஒருமுறைகூடத் தானாக நிற்கவில்லை. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு நாளாக நாளாக நெஞ்சு வெறுமையாக இருந்தது. மே மாதத்தில் அங்கே யாரோ இருந்தார்கள். இப்போது இல்லை.

செப்டம்பரில் ஒருநாள், முதல்நாள் மழையில் நனைந்த புல்லில், செய்யவே கூடாததை அவள் செய்தாள். தெரிந்தேதான் செய்தாள். வண்டியை வடக்குச் சரிவில் குறுக்கே இறக்கினாள். இரண்டு கல்லுக்கு முன்னால் நிற்கும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. ஓஸ்ட்பி கல் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இங்கே யாருமில்லை என்று அவள் நினைத்த அந்த நொடியில் பின்சக்கரம் வழுக்கியது. மேட்டுப்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புவது இடுப்பில் தெரிந்தது. கீழே ஓடை பளபளத்தது. சாகப்போகிறோம் என்று தெரிந்தது. சாக விருப்பமில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சாவியை நோக்கிக் கையை நீட்டினாள். விரல் தொடுவதற்கு முன்பே எஞ்சின் நின்றது. சக்கரம் பொத்தென்று தரையில் அமர்ந்தது. வண்டி அசையவில்லை.

அவள் இருக்கையை விட்டு எழவே இல்லை. சுவிட்ச் நிறுத்தியிருக்க முடியாது. இந்த முறை குனிந்து பார்த்தாள். சாவி நிறுத்தும் பக்கம் திரும்பியிருந்தது.

ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"போதும் செல்மர். இனிமே நானே நிறுத்திக்கிறேன். நீ போ."

மேட்டுப்பக்கமாக மெதுவாக இறங்கினாள். அவள் எழுந்ததும் இருக்கையின் ஸ்பிரிங் மேலே வந்திருக்கவேண்டும். அவள் நான்கடி நடந்த பிறகுதான் அது மெல்ல எழும்பும் சத்தம் பின்னால் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய் டிரிம்மரை எடுத்து வந்தாள். மதியம்வரை சரிவின் மிச்சப் புல்லை வெட்டினாள். பாதி வெட்டும்போது பறவைகள் கத்தத் தொடங்கின.