உலைக்கு வைத்த பொட்டு

அண்ணனின் கார் ஷெட்டில் இருக்கும் கேஸ் உலை இன்று காலை பதினொரு மணிக்கு மீண்டும் எரியத் தொடங்கியது. தகவல்: குளத்தூரிலிருந்து வந்த புது மெக்கானிக்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்திகளுக்குப் பதம் ஏற்றும் உலை அது. நான்கு வாரமாக வெள்ளிக்கிழமைதோறும் அணைந்துவிடும். பழைய மெக்கானிக் சனிக்கிழமை வந்து துடைத்துவிட்டுப் போனால் எரியும்.

இன்னொரு வாரம் தாமதமானால் கத்தியை வேறிடத்தில் வாங்கிக்கொள்வதாக ஒற்றசேகரமங்கலத்து வெட்டுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

புதியவர் உலையின் முன்பக்கம் இருந்த வட்டமான சின்னக் கண்ணாடியைக் காட்டினார்.

"அண்ணே, தீ எரியுதான்னு பாக்கது இதாக்கும். தீ தெரியல்லேன்னா கேஸை நிறுத்திப்போடும். இதுல ஆரு சந்தனம் அப்பினது?"

அண்ணன் திரும்பி அண்ணியைப் பார்த்தார். வெள்ளிதோறும் உலைக்குப் பூஜை செய்வது அண்ணிதான்.

"பின்ன அந்த வட்டம் எதுக்காக்கும்? பொட்டு வைக்க எடம்னுல்லா நெனச்சேன்!"

உலை அடிக்கடி கெடுகிறதே என்று வாராவாரம் பொட்டைப் பெரிதாக்கி வந்ததையும் அவரே உறுதிப்படுத்தினார்.

இனிப் பொட்டை எங்கே வைப்பது என்பது முடிவாகவில்லை. மெக்கானிக்கின் நெற்றியில் வைக்கலாம் என்கிறார் அண்ணன். அண்ணியின் முடிவு வெள்ளிக்கிழமை காலை தெரியும். வேறு இடம் தோன்றினால் அதற்குள் சொல்லுங்கள்.