மாமி சாத்திய லேப்டாப்

உத்திரமேரூர் கடைத்தெருவில் எங்கள் அடுத்த வீட்டு மருமகள் அஃப்ரின். மிக்சி ஓடவில்லையென்றால் நாங்களெல்லாம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். அவள் கழற்றி உள்ளே பார்ப்பாள். 2008இல் புருஷன் ஜமீர் சவூதியிலிருந்து கொடுத்தனுப்பிய லேப்டாப்பையும் விட்டுவைக்கவில்லை. கறுப்பு ஜன்னல் ஒன்றைத் திறந்து அதில் கட்டளை அடிப்பாள். "கேட்டா பட்டுனு பதில் சொல்லுது சோபியா, உன்னாட்டம் சுத்தி வளைச்சு மயுப்பாது" என்பாள் என்னிடம். கொழுப்பைப் பாருங்கள்!

குழந்தை மாஹிராவை ஜமீர் இன்னும் நேரில் பார்த்ததே இல்லை. அவள் முதன்முதலாக நடந்ததை வீடியோ எடுத்திருந்தாள் அஃப்ரின். மறுநாள் விடிந்தால் அவன் பாலைவனத்து வேலைக்குப் போகிறான். மாதக்கணக்கில் நெட் கிடையாது. வீடியோ அன்றைக்கே போய்ச் சேரவேண்டும்.

காலையில் அனுப்ப ஆரம்பித்தாள். நம் ஊர் நெட் நகர்ந்தால்தானே! சமையல் முடித்து வந்து பார்த்தால் லேப்டாப் தூங்கியிருந்தது. அனுப்பியது பாதியில் அறுந்திருந்தது. கறுப்பு ஜன்னலில் ஒரு வரி அடித்து, சும்மா இருந்தாலும் தூங்காதே என்று உத்தரவு போட்டு மறுபடி அனுப்பினாள். சாயங்காலமும் அதே கதை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கோ கண் மின்னியது.

"தூங்காதேன்னு சொல்லிக்கீறேன். அப்ப தூங்க வச்சது யாரு?"

எப்போதெல்லாம் தூங்கினாய் என்று அதனிடமே கேட்டாள். வந்த நேரங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். இரண்டும் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு நேரம். பாங்கு கேட்டால் மாமியார் நசீரா டிவியை அணைப்பார். லேப்டாப்பையும் சாத்திவிட்டு, முடிந்ததும் திறந்துவைத்திருக்கிறார்.

"சாத்தாதீங்கன்னு சொல்லேன்டி."

"மாமி மரியாதைக்கு சாத்தறாங்க, அத்த இன்னாத்துக்கு தடுக்கணும்? இதுக்குத்தான் சாத்தினா தூங்கற பயக்கம் கீது."

மூடினாலும் தூங்காதே என்று இன்னொரு வரி அடித்து, மூன்றாம் முறை அனுப்பினாள்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு கேட்டது. மாமி முக்காட்டை இழுத்துவிட்டு லேப்டாப்பை மெதுவாகச் சாத்தினார். நான் பக்கத்திலிருந்த நெட் மோடத்தை எட்டிப் பார்த்தேன். அதன் பச்சை விளக்கு மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சாப்பிடும்போது ஜமீர் போன் செய்தான். அஃப்ரின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்துட்டேன்மா! புள்ள நடக்குது! பின்னாடி நம்ப பள்ளிவாசல் பாங்கு கேக்குது. அதையே திரும்பத் திரும்ப கேட்டுக்கினு கீறேன்." 

போனை வைத்ததும் மாமி, "எனக்கும் அத்த போடு" என்றார். திரையில் மாஹிரா தள்ளாடி நடந்தாள். பாங்கு ஒலித்தது. பழக்கத்தில் மாமியின் கை மூடிக்குப் போனது. சாத்தாமல் அப்படியே நின்றது.