அப்பாவைச் சுமக்க வந்தவர்கள்

எங்கள் அப்பா சாவகச்சேரியில் பிறந்து நியூசிலாந்தின் ஒக்லாந்தில் கண்மூடினார். இடையில் நாட்டுப் பிரச்சினை அவரை எங்கெல்லாமோ அலைக்கழித்தது. அதைச் சொல்லி அவர் குறைப்பட்டதில்லை, யாரிடமும் உதவி கேட்டதும் இல்லை. கேட்க வேண்டியவற்றையெல்லாம் அம்மாதான் கேட்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒக்லாந்தின் புறநகரான ரானுயியில் குடியேறினோம். கிழமை நாட்களில் அப்பாவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமைகளில் யூதர்களின் ஜெப ஆலயமொன்றில் காவல் வேலை. அங்கே ‘கபாய்’ என்றொரு பொறுப்பு உண்டு. அவர் மதகுரு அல்லர், சம்பளமும் இல்லை. வேதச்சுருளின் முன் வரவேண்டியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதும், வழிபாட்டுக்கு வேண்டிய பத்து ஆண்களைச் சேர்ப்பதும் அவர் பாடு. அப்போது கபாயாக இருந்தவர் காலணிகள் விற்கும் ஒரு சப்பாத்துக் கடைக்காரர்.

சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். ஹீற்றரைப் போடவும் கூடாது, பிறரைப் போடச் சொல்லவும் கூடாது. முதல் குளிர்காலத்தில் கபாய் ஐயா அப்பாவிடம், “உள்ளே குளிராக இருக்கிறது” என்றாராம். அப்பா உடனே தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்! அவரும் மறுக்காமல் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் எல்லாம் நடுங்கினார்கள். ஹீற்றரைப் போடத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பது பிறகுதான் அப்பாவுக்கு விளங்கியது.

“அந்த மனுசனும் என்னைப் போலத்தான். வாய்விட்டுக் கேக்கமாட்டார்” என்று வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நோய் முற்றியபோது அப்பாவுக்கு ஒரே கவலைதான். பிள்ளைகள் நானும் தம்பியும் மட்டுமே. சொந்தங்கள் ஊரிலும் கனடாவிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள்.

“என்னைத் தூக்க ஆக்கள் காணாதேயப்பா” என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அழுதார்.

பார்க்க வந்த கபாய் ஐயாவிடம் அப்பா சொன்னது இவ்வளவுதான்: “எங்கள் ஆட்கள் இங்கே குறைவு.” அவர் தலையாட்டினார், தேநீர் குடித்தார், போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது.

இறுதிச் சடங்கன்று மண்டப வாசலில் சிறு தொப்பியணிந்த ஆண்கள் நிறைந்து நின்றார்கள். கடையைப் பூட்டிவிட்டும் வேலைக்கு லீவு போட்டும் வந்திருந்தார்கள். தகனம் அவர்கள் வழக்கமல்ல. ஆனாலும் அப்பாவைத் தகனசாலை வாசல்வரை தோள்கொடுத்துச் சுமந்தார்கள். கபாய் ஐயா ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து இடம் காட்டினார். முதலில் தம்பியை அழைத்தார்.

கிரியைகளை நடத்திய குருக்களுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும், எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த ரானுயி அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. கபாய் ஐயாவிடம் கடைக்கே போய் நன்றி சொன்னேன்.

“உங்கள் அப்பா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லையே” என்றார்.

— மகள்