பங்குனியில் திறக்கும் மூலை

நனைந்த வேங்கை மரத்தூள் கையில் பட்டால் மஞ்சளாகக் கறை பிடிக்கும், துணியில் பட்டால் சோப்புக்கும் போகாது. அந்த மஞ்சளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு களி உருண்டைதான் ஞாபகம் வரும்.

அப்பா தச்சர். கல்லாவிப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்தவர். நான் எட்டாவது படித்த வருஷம் ஒரு பெரிய வீட்டில் அவருக்கு வேலை. சுவரும் கூரையும் சேருகிற இடத்தைச் சுற்றி, இழைத்த வேங்கைப் பலகைப் பட்டை அடிக்க வேண்டும். "கார்னிஸ் பீடிங்" என்பார்கள். வட்ட ரம்பம் வைத்த "மைட்டர் மிஷினில்" பட்டையைக் கூரைப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, நாற்பத்தைந்து டிகிரியில் அறுத்தால்தான் மூலையில் இரண்டு துண்டும் முடி நுழையாமல் சேரும். "தலகீழா வச்சாத்தான் நேரா நிக்கும்" என்பார் அப்பா.

அம்மாவுக்குக் கம்பெனியில் காலை ஷிப்ட். அதனால் சனிக்கிழமைகளில் நானே களி கிண்டி எடுத்துக்கொண்டு அப்பாவோடு சைக்கிளில் போய்விடுவேன். அப்படி ஒரு சனிக்கிழமை, கதவின் பித்தளைக் கைப்பிடியைக் காணோம் என்று ஓனர் கத்தினார். அப்பாவின் பையைக் கொட்டச் சொன்னார். உளியும் சுத்தியலும் விழுந்தன. அப்புறம் சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறக்கச் சொன்னார்.

"அந்த உருண்டையப் பிட்டுக் காட்டு."

எல்லாரும் பார்க்க அப்பா பிட்டார். உள்ளேயும் களிதான் இருந்தது.

பாலீஷ் போடும் அண்ணன் மட்டும் வாய்க்குள் சொன்னார்: "கொழம்பையும் வடிகட்டிப் பாக்கச் சொல்லு."

சாயங்காலம் கைப்பிடி ஓனரின் காரிலேயே கிடைத்தது. "சரி சரி, வேலயப் பாரு" என்றார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஐப்பசி மழை. ஹாலில் கடைசி மூலை மட்டும் பாக்கி. அதற்கான இரண்டு பட்டைகள் மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே காய்ந்து கிடந்தன. நான் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். மழைத்தண்ணீர் கொட்டும் குழாய்க்கு அடியில் இரண்டையும் கிடத்தினேன். சாயங்காலம் வரைக்கும் ஊறட்டும் என்று விட்டு, கோணியால் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அப்பா ஒன்றைத் தூக்கினார். மரத்தின் கனம் அவர் கைக்குத் தெரியும். என் பாவாடை ஓரத்து மஞ்சளைப் பார்த்தார். மிஷினைப் போட்டார். தூள் பறக்கவில்லை, ரம்பத்திலேயே அப்பியது. மூலை கச்சிதமாகச் சேர்ந்தது.

"என்னாண்ணா, மரம் அழுவுது?" என்றார் பாலீஷ்கார அண்ணன்.

"அழுவட்டும். நீ பூசு."

சைக்கிளில் திரும்பும்போது அப்பா சொன்னது ஒன்றுதான்: "அடுத்த தடவ பாவாடைய மாத்திக்கிட்டு வா, பாப்பா."

பங்குனியில் மரம் காய்ந்து மூலை வாய் திறந்தது. ஒரு ரூபாய்க் காசு நுழையும். ஓனர் கூப்பிட்டனுப்பினார், நானும் போனேன். நனைந்த மரம்தான் காரணம் என்று தெரிந்தால் ஓசூரில் அப்பாவுக்கு இனி வேலை கிடையாது. அப்பா ஸ்டூலில் ஏறினார், மூலைமட்டம் வைத்துப் பார்த்தார், இறங்கினார்.

"மரம் அப்படியேதான் நிக்குது சார். சுவரு நவுந்திருக்கும். அஸ்திவாரத்தப் பாருங்க."

ஓனர் முகம் வெளுத்தது. வெளியே சுவரோரம் ஆள் வைத்துத் தோண்டினார். ஒன்றும் தெரியவில்லை. மழைக்கு வாய் மூடும், பங்குனியில் திறக்கும். சோபாவை அந்த மூலையிலிருந்து நகர்த்திப் போட்டார். கூப்பிட்டபோதெல்லாம் அப்பா போய் அதையே சொன்னார்.

அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது வீடுகளில் வேங்கைப்பட்டை அடிப்பதில்லை, வெள்ளையாக எதையோ பூசிவிடுகிறார்கள். போன மாசம் அந்த வீட்டையும் அபார்ட்மெண்ட் கட்ட இடித்தார்கள். போய் நின்று பார்த்தேன். அந்த மூலைச் சுவர்தான் கடைசியில் விழுந்தது. மூன்று தடவை இடிக்க வேண்டியிருந்தது.

ஓனர் தடி ஊன்றி நின்றிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"கல்லாட்டம் நின்னுதேம்மா. உங்கப்பா இல்ல, நீயாவது நெசத்தச் சொல்லு. சுவரா, மரமா?"

"சுவருதான் சார்" என்றேன்.

அன்று மத்தியானம் வீட்டில் களி. நன்றாக இறங்கியது.