பக்கத்து சீட்டின் பெல்ட்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். யாரிடமும் நான் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. போன பிப்ரவரியில், எஸ்டோனியாவில், எங்கள் தீவுக்குப் போகும் ஐஸ் பாதையில்.

குளிர் முற்றினால் எங்கள் கடல் உறைந்துவிடும். பிறகு படகு எதற்கு? கடல் மேலேயே காரை ஓட்டிக்கொண்டு தீவுக்குப் போய்விடுவோம். பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் நட்டு வைத்த மரக்கிளைகள்தான் சாலைக்கு எல்லை. அங்கே சீட் பெல்ட் போடக் கூடாது. ஐஸ் உடைந்தால் அடுத்த நொடியே வெளியே குதித்தாக வேண்டுமே! நடுவில் நிற்கவும் கூடாது. வேகம் இருபத்தைந்துக்குக் கீழே இருக்கலாம், நாற்பதுக்கு மேலே இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே மட்டும் போகவே கூடாது. அந்த வேகத்தில் அடியில் இருக்கும் தண்ணீரில் அலை கிளம்பி, ஐஸைக் கீழிருந்தே பிளந்துவிடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே இது தெரியும்.

அன்றைக்கு என் அக்கா மகள் மிர்தெலுக்கு ஆறாவது பிறந்தநாள். கேக் வாங்கும் பொறுப்பு என்னுடையது. அவளுடைய அப்பா இந்த்ரெக்கும் நானும் நகரத்திலிருந்து கிளம்பினோம், இரண்டு வண்டியில். ஒருத்தன் வண்டியில் இன்னொருத்தன் உட்கார்ந்தால் கௌரவம் என்ன ஆவது?

என்னுடையது நீல நிற ஸ்போர்ட்ஸ் கார். டர்போ. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வெயில் காலத்தில் அது சும்மா ஒரு கார்தான். பனி விழுந்தால்தான் அதற்கு உயிர் வரும். அவனுடையது முப்பது வருடத்துப் பழைய சிவப்பு வண்டி. ஒரு காலத்தில் ரேஸ் ஓடியது. அதுவும் நான்கு சக்கர இழுவைதான், ஆனால் உள்ளே ஒரு ரேடியோகூடக் கிடையாது.

பாதையை மூட இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. பாதை தொடங்கும் கேட்டில் காவல் நின்ற ஹெல்வே அம்மா ஜன்னலைத் தட்டினாள்.

"பெல்ட்டைக் கழட்டுங்கடா ரெண்டு பேரும். கடைசி வண்டி நீங்கதான். ரேஸ் கீஸ் விட்டீங்க, தொலைச்சிடுவேன்."

கழற்றினோம். உடனே என் கார் கத்த ஆரம்பித்தது. டிங்... டிங்... டிங்... பெல்ட் போடு என்று அர்த்தம். இந்த்ரெக் தன் வண்டியிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தான்.

"என்ன மாப்ள, உன் பொண்டாட்டி இப்பவே திட்ட ஆரம்பிச்சிட்டா? என் கிழவியப் பாரு. வாயே கிடையாது!"

"மச்சான், உன் கிழவி கடல் தாண்டுறதுக்குள்ள நான் கேக்கையே தின்னு முடிச்சிருப்பேன்."

பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் விட்டு மாட்டினேன். சத்தம் நின்றது. எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஐஸில் இறங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவனும் இறங்கினான்.

அறுபதில் போனேன். லேசாக மிதித்தால் வால் பக்கம் வழுக்கும், இன்னும் கொஞ்சம் மிதித்தால் நான்கு சக்கரமும் பனியைப் பிறாண்டிக்கொண்டு நேராகும். என்ன சுகம் அது! கண்ணாடியில் இந்த்ரெக்கின் இரண்டு விளக்குகளும் தெரிந்தன. போனை ஸ்பீக்கரில் போட்டு ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொண்டே வந்தோம்.

பாதி தூரம் வந்திருப்போம். இருட்டத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் ஒரு கிளையில் ஏதோ கறுப்பாகக் கட்டியிருந்தது. வெளிச்சம் பட்டபோது பார்த்தேன். அறுத்தெடுத்த சீட் பெல்ட் துண்டு. முன்பு யாரோ மூழ்கிய இடம் என்று அடையாளம்.

டிங்... டிங்...

என் பெல்ட் மாட்டித்தான் இருந்தது. எரிந்தது பக்கத்து சீட்டின் பெல்ட் விளக்கு.

கேக் பெட்டி அங்கே இருந்தது. அதன் கனம்தான் என்று நினைத்து ஒரு கையால் தூக்கிப் பின்னால் வைத்தேன்.

டிங்... டிங்...

நிற்கவில்லை. பக்கத்து ஜன்னல் மட்டும் உள்பக்கமாக ஆவி படிந்திருந்தது. யாரோ கண்ணாடியோடு முகத்தை ஒட்டி மூச்சு விட்டதுபோல.

திரும்பிப் பார்த்தேன். சீட் காலிதான். ஆனால் நடுவில் அமுங்கியிருந்தது.

சர்ர்ர்...

பெல்ட் தானாக வெளியே வந்தது. மெதுவாக. குறுக்கே.

க்ளிக்.

டிங் சத்தம் நின்றது.

உப்புத் தண்ணீர் வாடை. காலடியில் ஏதோ சொட்டியது. சொட்... சொட்...

"மச்சான்... என் பக்கத்துல யாரோ உக்காந்திருக்காங்க."

"யாரு? பொண்ணா?"

"விளையாடல மச்சான். பெல்ட்டு... தானா மாட்டிக்கிச்சு."

இந்த்ரெக் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பயமா இருந்தா இங்க அனுப்புடா. என் பக்கத்து சீட்டு காலியாத்தான் கிடக்கு. கேக்கும் உண்டுன்னு சொல்லு!"

க்ளிக்.

என் பக்கத்து பெல்ட் கழன்றது. சர்ரென்று சுருண்டு உள்ளே போனது. வாடை போய்விட்டது. அமுங்கிய சீட் மெல்ல மேலே வந்தது.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கேவலம், அப்படித்தான் இருந்தது.

பிறகு போனில் கேட்டது.

டிங்... டிங்... டிங்...

"மச்சான், என்ன சத்தம் அது?"

அவன் சிரிப்பு நின்றிருந்தது.

"...என் வண்டியில ஏதுடா சத்தம்?"

டிங்... டிங்...

"மாப்ள, வண்டி மெதுவாகுது."

"பிரேக்ல கால் இருக்கா?"

"இல்லடா! ஆக்ஸிலேட்டர அமுக்கிட்டுதான் இருக்கேன்... அம்பது..."

"கியர மாத்து!"

"நாப்பத்தி ரெண்டு... மாப்ள, யாரோ என் கால... முப்பத்தெட்டு..."

"கதவத் தொற! குதி!"

"முப்பது..."

க்ளிக்.

"யாருடா பெல்ட்ட..."

பிறகு ஒரு சத்தம். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

கண்ணாடியில் இரண்டு விளக்குகளும் வானத்தைப் பார்த்தன. பிறகு பச்சையாகக் கீழே போயின. தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் எரிந்துகொண்டே இருந்தன.

மணி 5:05.

நான் நிற்கவில்லை. கால் தானாகத் தளர்ந்தபோது என் வண்டிக்கு அடியில் ஐஸ் ஒருமுறை மூச்சு வாங்கியது. மிதித்தேன். அழுதுகொண்டே மிதித்தேன். கரை வரை போனில் உதவி கேட்டுக் கத்திக்கொண்டே போனேன்.

மறுநாள் அவனை எடுத்தார்கள். தண்ணீருக்குள் இறங்கிய ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வண்டிக் கூரைக்கு மேல ஒரு கை ஆழத் தண்ணிதான் தம்பி. கதவும் பூட்டல. பெல்ட் மட்டும் இல்லாட்டி எந்திரிச்சு வந்திருப்பான். ஏன் போட்டான்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "பக்கத்து சீட்டு பெல்ட்டும் மாட்டியிருந்துச்சு. அதையும் அறுக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவு இறுக்கம். உள்ள ஒண்ணுமே இல்ல."

பெல்ட் பழசு, சிக்கிக்கொண்டது என்று அதையாவது நான் மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஆனால் அவன் மூழ்கிய அன்று மாலையே வீட்டில் நடந்தது இருக்கிறதே...

அக்கா கரைக்கு ஓடிவிட்டாள். "பிள்ள தனியா இருக்கா, போடா" என்று என்னை வீட்டுக்கு விரட்டினாள். கேக் பெட்டியோடு போய் நின்றேன். மேஜையில் தட்டுகள் இருந்தன. அம்மாவுக்கு, அப்பாவுக்கு, எனக்கு, அவளுக்கு. ஐந்தாவதாக இன்னொன்று.

"இது யாருக்கு மிர்தெல்?"

"அப்பாகூட வர்றவங்களுக்கு. அப்பாதான் வைக்கச் சொன்னாரு."

"எப்போ சொன்னாரு?"

"இப்பத்தான் மாமா. போன்ல."

சுவரில் இருந்த போனைப் பார்த்தேன். கடைசியாக வந்த அழைப்பு, இந்த்ரெக்கின் நம்பர். மணி 6:20. மறுநாள் அவனை எடுத்தபோது அவன் போன் சட்டைப்பையில்தான் இருந்தது.

குழந்தை முகத்தைச் சுளித்தாள்.

"அப்பா பேசினது சரியாவே கேக்கல மாமா. பின்னாடி டிங் டிங்னு ஒரே சத்தம்."