நிலவின் விடுமுறை நாள்

வெண்ணந்தூர் பக்கத்து ஊர் ஒன்றின் பள்ளியில், மாலை ஐந்து மணிக்கு வாசிப்பு வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன் நாளிதழ் ஒன்றில் பல ஆண்டுகள் பிழை திருத்தினேன். சிவப்புப் பேனா கூடவே வந்துவிட்டது.

அன்று கொடுத்த பத்தி நிலவைப் பற்றியது. பன்னிரண்டு வரி, ஐந்து கேள்வி. நான்காவது: அமாவாசையன்று நிலவு ஏன் தெரிவதில்லை? பதினோரு பிள்ளைகள் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: ‘அமாவாசையன்று நிலவின் ஒளிபட்ட பக்கம் நம்மை நோக்கி இருப்பதில்லை.’ கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறதென்று விரலால் தேடி, அந்த வரியை அப்படியே இறக்கிவிடுவார்கள்.

பன்னிரண்டாவது தாளில், ‘அன்று நிலவுக்கு லீவு’ என்று இருந்தது.

எழுதியவள் ஐந்தாம் வகுப்பு. வாசிப்பு வராததால் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அதே வரிசையில்தான் அவள் தங்கையும். வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை புதிய பத்தி ஒன்று தருவார். படித்துப் பதில் எழுதினால் தன் வகுப்புக்குத் திரும்பலாம்.

பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கேட்டேன், “லீவுன்னு யார் சொன்னா?”

“அமாவாசைக்கு எங்கூட்டுத் தறியே ஓடாதுங்களே மிஸ். ஊருக்கே லீவுங்க.”

“நிலாவுக்குத் தீவாளி போனசும் உண்டாடி?” என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

“நீ சொல்லு. ஒளிபட்ட பக்கம்னா எது?” என்று அவனைக் கேட்டேன். அவன் தாளைப் பார்த்தான். பதினோரு பேரும் தாளைப் பார்த்தார்கள். சரிக்குறி வாங்கிய ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. நானும் சொற்களைத்தான் சரிபார்த்திருந்தேன்.

பிள்ளைகள் விளையாடக் கழிவு நூலைச் சுற்றிச் செய்த வெள்ளைப் பந்து ஒன்று மூலையில் கிடந்தது. இதுதான் நிலா என்று அதை அவளிடம் கொடுத்து, மேற்கு வாசலைப் பார்த்து நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். வெயில் வாசலில் நின்றது.

“என்ன தெரியுது?”

“இருட்டா இருக்குதுங்க.”

“பந்துக்கு அந்தப் பக்கம்?”

எட்டிப் பார்த்தாள். அங்கே வெயில் பட்டுப் பளிச்சென்று இருந்தது. தாளை எடுத்து அந்த வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மறுபடி வாசித்தாள். இரண்டாம் முறை தடுமாறவில்லை.

“அப்ப லீவு இல்லீங்க மிஸ். வேலை அந்தப் பக்கம் நடக்குது.”

பெருக்கல் குறியை அடித்துவிட்டு, அதையே எழுதச் சொன்னேன். மற்றவர்களும் வரிசையாக வந்து பந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்தியை மூடி வைத்து எழுதினார்கள். எழுத்துப்பிழை மலிந்தது. பதினோரு பதிலும் வேறு வேறாக இருந்தன.

வெள்ளிக்கிழமைப் பத்தி எறும்புகளைப் பற்றியது என்று பிறகு கேள்விப்பட்டேன். பள்ளியில் யாரும் முடிவைச் சொல்லவில்லை. திங்கள் மாலை வாசலிலேயே அவள் தங்கை என்னை மறித்தாள்.

“அக்கா என்னைய உட்டுட்டு அவ கிளாசுக்கே போயிட்டாளுங்க மிஸ். பென்சில் பாக்ஸையும் எடுத்துட்டா.”