கெடு தாண்டிய மனு

எங்கள் மலை மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக வேண்டுமானால் மக்கள் ஓட்டுப் போடும் தேர்தலில் ஜெயிக்க வேண்டும். வெர்னா டாக்கெட் அப்படித்தான் ஜெயித்தார். சுரங்கக் கரி நுரையீரலில் அப்பிச் செத்தவரின் மகள். உணவகத்தில் தட்டு சுமந்தபடியே சட்டம் படித்தவர். நான் அவருடைய செயலாளர். அவர் சத்தம் போடாத வாரம் எனக்கு நினைவில்லை.

ஒரு பெண்ணைக் கொன்றதாக டூயி ரிஃப் இளவயதிலேயே சிறைக்குப் போனவர். அவருக்கு எதிரான ஒரே சாட்சியான ஆய்வுக்கூடக்காரர் புளுகியதாக டூயியின் விடுதலை மனு விசாரணைக்கு வந்தபோது அரசு வக்கீலே ஒப்புக்கொண்டார்.

"ஆனா மனு போடக் கெடு முடிஞ்சுபோச்சு, யுவர் ஆனர்."

"அவன் கொல்லலைன்னு தெரிஞ்சும் உள்ளேயே கிடக்கட்டும்ங்கறீங்க. வெட்கமா இல்ல?" வெர்னா சத்தம் போட்டார்.

நீதிபதிகள் கூடும் உள்ளறையில் தலைமை நீதிபதி ஹாலிஸ் பீலர் சிரித்தார். "அடுத்த வருஷம் உனக்குத் தேர்தல், வெர்னா. கொலைகாரனுக்குப் பரிஞ்சு பேசினவள்னு பேரு வாங்காதே."

"என் பேரு கெட்டா கெடட்டும். அவன் ஆயுசே கெட்டுப்போச்சே!"

ஹாலிஸோடு சேர்த்து மற்ற நான்கு நீதிபதிகளும் மனுவைத் தள்ளினார்கள். வெர்னா தன் மாறுபட்ட தீர்ப்பை மன்றத்தில் வாய்விட்டு வாசித்தார்.

தேர்தல் வந்தது. செத்தவளின் படத்தையும் வெர்னாவின் படத்தையும் ஒட்டிப்போட்டு டிவியில் விளம்பரம் ஓடியது. தேவாலய விருந்தில் வெர்னாவின் தோழி ரோண்டா கரண்டியை நீட்டிக் கேட்டாள்: "உன் மகளைக் கொன்னிருந்தா இப்படி எழுதுவியா?"

"கொன்னவன் வெளியே சுத்துறப்போ வேற எவனையோ அடைச்சு வெச்சா எனக்கு மனசு ஆறுமாடி?"

யாரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. தோற்றார்.

தோற்றவர் வீட்டில் முடங்கவில்லை. தன் டிரக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கெடுவை நீக்கச் சொல்லிக் கூட்டம் போட்டார். சட்டசபை உறுப்பினர்களை வாசலில் மறித்துத் திட்டினார். இரண்டு முறை விரட்டியவர்கள் மூன்றாம் வருஷம் சட்டத்தைத் திருத்தினார்கள். வேறொரு வக்கீல் புது மனு போட, டூயி விடுதலையானார். அவருடைய தாய் அதற்கு முந்தைய குளிர்காலத்தில்தான் இறந்திருந்தாள்.

நீதிமன்ற வாசலில் டூயி தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப நன்றிங்க, ஜட்ஜம்மா."

"நன்றியெல்லாம் சொல்லாதே. உன்னை உள்ளே வெச்சதே நாங்கதான்."

நிருபர் ஒருத்தி மைக்கை நீட்டினாள். "இப்போ சந்தோஷமா இருக்கீங்களா?"

"ஹாலிஸ் இன்னும் அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கான். அவன்கிட்ட போய்க் கேளு" என்று சொல்லி டிரக்கின் கதவை அறைந்து சாத்தினார் வெர்னா.